கருவியின் சாட்சியம்

இணையத்தில் இணைந்த இரண்டு கருவிகள் பேசிக்கொள்ளும்போது, எதிர்முனையில் இருப்பது யார், வந்த சொல் வழியில் மாறாமல் வந்ததா என்ற இரண்டையும் கருவியே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. மனிதர் முகம் பார்த்தும் குரல் கேட்டும் அறிந்துகொள்வதை அது செய்ய முடியாது. சித்தூர்ப் பக்கத்து மாந்தோப்புகளில் ஆழ்துளைக் கிணற்று மோட்டாருக்கு மாட்டியிருக்கும் மொபைல் ஸ்டார்ட்டர் இதற்கு நல்ல உதாரணம். உள்ளே ஒரு சிம் கார்டு இருக்கும். தோப்புக்காரர் வீட்டிலிருந்தபடியே ஃபோனில் கூப்பிட்டால் மோட்டார் ஓடும். மறுபடி கூப்பிட்டால் நிற்கும். த்ரீ பேஸ் கரண்ட் அகாலத்தில் வரும் ஊர்களில் இது பெரிய நிம்மதி. ஆனால் எளிய வகை ஸ்டார்ட்டர் கூப்பிடும் எண்ணை மட்டுமே பார்க்கிறது. பதிந்துவைத்த எண் என்றால் கீழ்ப்படிகிறது. அந்த எண்ணைப் போலியாகக் காட்டத் தெரிந்தவருக்கும் கீழ்ப்படியும். கூப்பிட்டவர் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொண்டதைத் தவிர வேறு ஆதாரம் எதுவும் அதனிடம் இல்லை.

பொதுச்சாவி மறையியல் இந்தக் குறையைத் தீர்க்க வந்தது. அதற்கு முந்திய முறைகளில் பேசும் இருவரும் முன்கூட்டியே ஒரே ரகசியத்தைப் பகிர்ந்துகொண்டிருக்க வேண்டும். முன்பின் பழகாத இருவர், எல்லோரும் ஒட்டுக்கேட்கும் வழியிலேயே பேசி, தங்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு ரகசியத்தை உண்டாக்கிக்கொள்ள முடியும் என்று 1976-இல் விட்ஃபீல்டு டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் காட்டினார்கள். 1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் மூவரும் அமைத்த ஆர்.எஸ்.ஏ. முறை கையொப்பத்துக்கும் வழி செய்தது. இதில் சாவிகள் ஜோடியாகப் பிறக்கின்றன. ஒன்று ஊரறிய வெளியிடப்படும் பொதுச்சாவி. மற்றது தனிச்சாவி, பிறந்த இடத்தை விட்டு அது வெளியே வருவதே இல்லை. தனிச்சாவியால் இட்ட கையொப்பத்தைப் பொதுச்சாவி வைத்திருக்கும் எவரும் சரிபார்க்கலாம். பொதுச்சாவியை வைத்துத் தனிச்சாவியைக் கணக்கிட்டு எடுப்பது நடைமுறையில் ஆகாத காரியம். 1985-இல் நீல் கோப்ளிட்ஸும் விக்டர் மில்லரும் தனித்தனியே முன்வைத்த நீள்வட்ட வளைவு முறை சாவியைச் சிறிதாக்கியது. ஆர்.எஸ்.ஏ.யில் 3072 பிட் சாவி தரும் பாதுகாப்பை இதில் 256 பிட், அதாவது 32 பைட், தந்துவிடுகிறது. நினைவகமும் பேட்டரியும் குறைந்த சின்னக் கருவிகளுக்கு இது வசதியாகப் போயிற்று.

கருவி சர்வரோடு இணையும் அந்தக் கணத்தில் நடப்பது இது. சர்வர் யாரும் ஊகிக்க முடியாத ஓர் எண்ணைப் பொறுக்கி அனுப்புகிறது. கருவி அந்த எண்ணையும், அதுவரை இரு பக்கமும் பேசிய பேச்சையும் சேர்த்து ஒரு சிறு சுருக்கமாக அரைத்து, அதன்மேல் தன் தனிச்சாவியால் கையொப்பமிட்டுத் திருப்புகிறது. சர்வர் கருவியின் பொதுச்சாவியால் அதைச் சரிபார்க்கிறது. அடுத்த முறை எண் வேறாக இருக்கும். அதனால் நேற்றைய கையொப்பத்தைப் பதிவுசெய்து வைத்து இன்று மறுபடி ஓட்டிக்காட்டி ஏமாற்ற முடியாது. சர்வரும் கருவியிடம் இதே முறையில் தன்னை நிரூபிக்கிறது. இந்தப் பேச்சிலேயே இருவருக்கும் பொதுவான தற்காலிகச் சாவியும் உருவாகிறது, அதன் பிறகே மோட்டார் ஓடட்டும் என்ற கட்டளை மறைகுறியில் போகிறது.

இதில் ஒரு ஓட்டை உண்டு. கருவியின் பொதுச்சாவி என்று சர்வரிடம் இருப்பது உண்மையில் அந்தக் கருவியுடையதுதானா? நடுவே புகுந்த ஒருவன் தன் பொதுச்சாவியைக் கருவியின் பெயரில் கொடுத்துவிட்டால், மேலே சொன்ன கணக்கு முழுவதும் பிசகின்றி நடக்கும். பேச்சு அவனோடு நடந்துகொண்டிருக்கும். 1978-இல் எம்.ஐ.டி.யில் லோரன் கோன்ஃபெல்டர் என்ற மாணவர் தம் இளநிலை ஆய்வேட்டில் இதற்கு ஒரு வழி சொன்னார். இந்தப் பொதுச்சாவி இன்னாருடையது என்று, நம்பத்தக்க மூன்றாமவர் கையொப்பமிட்டுத் தரும் சான்றிதழே அது. 1988-இல் வந்த எக்ஸ்.509 தரநிர்ணயம் அதற்கு வடிவம் தந்தது. கடந்த பத்தாண்டுகளில் திருப்பதி, ரேணிகுண்டா வட்டாரத்தில் டி.வி.யும் மொபைலும் செய்யும் ஆலைகள் வந்திருக்கின்றன. கருவிக்கு அடையாளம் தருவதை அக்கறையோடு செய்யும் எந்த ஆலையிலும் உற்பத்தி வரிசையில் ஒரு நிலையம் இதற்கென்றே இருக்கும். பலகை அங்கே வரும்போது சிப்புக்குள் சாவி ஜோடி உருவாகிறது, பொதுச்சாவி மட்டும் வெளியே எடுக்கப்பட்டுச் சான்றிதழாகி மீண்டும் உள்ளே பதிகிறது. தனிச்சாவி ஆலைக்காரருக்கே தெரியாது.

சான்றிதழில் கையொப்பமிட்டவரை நம்புவது எப்படி? அவரிடமும் ஒரு சான்றிதழ் இருக்கிறது, அவருக்கும் மேலே உள்ளவர் கொடுத்தது. 2022-இல் வெளிவந்த மேட்டர் என்ற வீட்டுக் கருவித் தரத்தில் இந்த ஏணிக்கு மூன்று படிகள். கருவியின் சான்று, அதை வழங்கிய இடைநிலைச் சான்று, எல்லாவற்றுக்கும் மேலே வேர்ச் சான்று. வேருக்கு மேலே யாரும் இல்லை. தன் சான்றிதழில் அது தானே கையொப்பமிட்டுக்கொள்கிறது. இந்தியாவில் 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் சான்றளிப்போர் கட்டுப்பாட்டாளர் என்ற பதவியை உண்டாக்கியது. உரிமம் பெற்ற சான்றளிப்பு நிறுவனங்களின் சாவிகளுக்கு அந்த அலுவலகத்தின் வேர் கையொப்பமிடுகிறது. அந்த வேரும் சுயச்சான்றுதான். அதற்குப் பின்னால் நிற்பது கணக்கு அல்ல, நாடாளுமன்றச் சட்டம்.

ஆக ஏணியின் உச்சியில் இருப்பது, எளிய ஸ்டார்ட்டரிடம் குறையாகத் தெரிந்த அதே நிலை. ஒருவர் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்கிறார், மற்றவர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். இதை ஏமாற்று வேலை என்று சொல்லிவிட முடியுமா, அல்லது அறிவு என்பதே எங்காவது இப்படித்தான் நிற்குமா என்பது இந்தியத் தத்துவத்தில் மிகப் பழைய வழக்கு.

பௌத்தரான நாகார்ஜுனர் விக்ரஹவ்யாவர்த்தனீ என்ற நூலில் இந்த வழக்கைக் கூர்மையாகத் தொடுத்தார். பொருள்களை நிலைநாட்டுவது பிரமாணம், அதாவது அறிவுக்கு ஆதாரமான சான்று, என்றால், பிரமாணத்தை நிலைநாட்டுவது எது? இன்னொரு பிரமாணம் என்றால் அதற்கு இன்னொன்று என்று முடிவில்லாமல் ஓடும். இந்த முடிவிலா ஓட்டத்துக்கு அனவஸ்தை என்று பெயர். நியாய சூத்திரம் இதே கேள்விக்குத் தராசை எடுத்துக் காட்டுகிறது. பொன்னை நிறுக்கும் தராசு அளக்கும் கருவிதான். ஆனால் அதன்மேல் சந்தேகம் வந்தால், எடை தெரிந்த பொன்னை வைத்து அந்தத் தராசையே சோதிக்கலாம். அளப்பதும் அளக்கப்படுவதும் சமயத்துக்கு ஏற்ப மாறும் நிலைகள். ஒன்று எப்போதும் உச்சியில் இருந்தாக வேண்டியதில்லை.

இங்கிருந்து இரண்டு கட்சிகள் பிரிகின்றன. நியாய மரபினரான நையாயிகர் கட்சி பரதப் பிராமாண்யம். ஓர் அறிவு சரியானது என்பது அந்த அறிவுக்கு வெளியே உள்ள ஒன்றால்தான் தெரியவரும். தூரத்தில் தெரிவது தண்ணீர்தானா என்பதைப் போய்க் குடித்துத் தாகம் அடங்கினால் அறியலாம். மீமாம்சகர் கட்சி சுவதப் பிராமாண்யம். அறிவு பிறக்கும்போதே செல்லுபடியாகப் பிறக்கிறது. அதைத் தள்ளுவதற்குத்தான் வெளிக்காரணம் வேண்டும். ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த குமாரில பட்டர் அந்தக் காரணங்கள் இரண்டே என்கிறார். ஒன்று, அறிவு பிறந்த மூலத்தில் கோளாறு தெரியவருவது. மற்றது, அதற்கு முரணான இன்னோர் அறிவு வருவது. இரண்டும் வராதவரை ஏற்றதை ஏற்றபடியே வைத்துக்கொள்ளலாம். சந்தேகம் வந்தால் மறுபடி பார். மூன்று நான்கு அறிவுகளுக்கு மேல் போகவேண்டியிராது என்பது அவர் கணக்கு. சான்றிதழ் ஏணிக்கும் பெரும்பாலும் மூன்று நான்கு படிகளே இருப்பது தற்செயல்தான். ஆனாலும் மீமாம்சகர் யாராவது அதைக் கண்டால் ஒரு புன்னகை புரிவார்.

திருப்பதிக்கு இந்த வாதம் அயலூர்ச் சரக்கு அல்ல. 2020-இல் மத்தியப் பல்கலைக்கழகமான அங்குள்ள தேசிய சமஸ்கிருதப் பல்கலைக்கழகத்தில் நியாயம் இன்றும் பாடம். திருமலைப் பெருமானின் தயையைப் பாடித் தயா சதகம் செய்த வேதாந்த தேசிகரே, நியாயபரிசுத்தி என்ற அளவை நூலையும் எழுதினார். தேசிகர் சார்ந்த விசிஷ்டாத்வைதம் இந்த வழக்கில் மீமாம்சகர் பக்கமே சேர்கிறது. அறிவு இயல்பிலேயே நம்பத்தக்கது, பிழைதான் விளக்கம் கேட்பது என்பது அதன் நிலை.

இணையப் பாதுகாப்பை வடிவமைப்பவர்கள் நையாயிகரைப் போலப் பேசுகிறார்கள். எதையும் நம்பாதே, எப்போதும் சரிபார் என்பது அந்தத் துறையின் மந்திரமாகவே ஆகிவிட்டது. ஆனால் கருவிகள் வாழ்வது மீமாம்சகர் வாழ்க்கை. வேர்ச் சான்றை எந்தக் கருவியும் சோதிப்பதில்லை. ஆலையில் பதிந்து வந்த பட்டியலை அப்படியே ஏற்கிறது. பிறகு அந்த ஏற்பு இரண்டு காரணங்களால்தான் விலகும். தனிச்சாவி களவுபோனது தெரியவந்தால் அது மூலக்கோளாறு. ஒரே பெயருக்குப் போலிச் சான்றிதழ் ஒன்று எங்கோ தலைகாட்டினால் அது முரண் அறிவு. ரத்துப் பட்டியல் என்று துறையில் சொல்வது குமாரிலரின் அந்த இரண்டு காரணங்களின் பதிவேடுதான்.

2014 ஜூலையில் இந்தியாவிலேயே இது நடந்தது. தேசியத் தகவலியல் மையத்தின் இடைநிலைச் சான்றளிப்பு நிலையத்திலிருந்து கூகுளின் இணையப் பெயர்களுக்கு, கூகுள் கேட்காமலே, சான்றிதழ்கள் வழங்கப்பட்டிருந்தன. ஜூலை 2-ஆம் தேதி கூகுள் இதைக் கண்டது. மறுநாளே கட்டுப்பாட்டாளர் அலுவலகம் மையத்தின் இடைநிலைச் சான்றுகளை ரத்து செய்தது. வழங்கும் முறையிலேயே ஊடுருவல் நடந்திருந்தது என்பது பிறகு தெரிந்தது. இந்திய வேர் மைக்ரோசாஃப்டின் நம்பிக்கைப் பட்டியலில் இருந்ததால் விண்டோஸில் அந்தப் போலிகள் செல்லும். ஃபயர்ஃபாக்ஸின் பட்டியலில் அந்த வேர் இல்லாததால் அங்கே செல்லா. ஒரே கையொப்பம் ஒரு கணினியில் பிரமாணம், பக்கத்துக் கணினியில் வெறும் எண்வரிசை. கணக்கில் எங்கும் பிழை இல்லை. கையொப்பங்கள் எல்லாம் கணிதப்படி மிகச் சரியானவை. கெட்டது, கையொப்பமிட்டவர் சொன்ன செய்தி.

வேர் எது என்பதில் வைதிகக் கட்சிகளுக்குள்ளேயே இரண்டு விடைகள் உண்டு. வேதம் நம்பத்தக்கது, ஏனென்றால் அதைச் சொன்னவர் குறையற்ற ஈசுவரன் என்பார் நையாயிகர். வேதம் நம்பத்தக்கது, ஏனென்றால் அதைச் சொன்னவர் யாருமே இல்லை என்பார் மீமாம்சகர். ஆசிரியர் இருந்தால்தானே மறதியும் பொய்யும் ஆசையும் உள்ளே நுழையும்? மறையியலில் இரண்டு விடைகளும் ஒன்றாகவே இருக்கின்றன. சான்றிதழ் ஏணி நையாயிகர் வழி. உச்சியில் ஓர் ஆப்தர், நம்பத்தக்கவர், இருக்கிறார். அடியில் உள்ள கணிதம் மீமாம்சகர் வழி. பகா எண்களின் இயல்பை யாரும் இயற்றவில்லை, ஆகவே அதில் யாருடைய உள்நோக்கமும் இல்லை. ஆனால் கணிதத்தின் பக்கமும் முழு உறுதி கிடையாது. ஆர்.எஸ்.ஏ.க்கு அடிப்படையான, பெரிய எண்ணைக் காரணிப்படுத்தும் வேலை கடினம் என்று யாரும் இதுவரை நிரூபித்ததில்லை. பலர் முயன்றும் எளிய வழி கிடைக்கவில்லை, அவ்வளவே. முரண் அறிவு வரும்வரை ஏற்பது என்ற விதியின்மேல்தான் உலக வங்கித்தொழில் முழுவதும் நடக்கிறது என்றால் மிகையில்லை. அந்த முரணின் முதல் குரலும் கேட்டாயிற்று. குவாண்டம் கணினி ஒன்று போதிய அளவில் அமைந்தால் காரணிப்படுத்துவது எளிது என்று பீட்டர் ஷோர் 1994-இல் காட்டினார். அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனம் 2024 ஆகஸ்டில் குவாண்டம் கணினிக்கும் தாங்கும் முறைகளுக்கு முதல் மூன்று தரங்களை வெளியிட்டது.

வேரைக் காப்பாற்றும் விதத்தில் பொறியாளர்கள் சமயத்தை நெருங்கிவிடுகிறார்கள். இணையப் பெயர் அமைப்பின் வேர்ச் சாவியைப் பயன்படுத்தும் நிகழ்வுக்கு அவர்களே வைத்திருக்கும் பெயர் சடங்கு. 2010 முதல் ஆண்டுக்கு நான்கு முறை போல, அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் எல் செகுண்டோ, வர்ஜீனியாவின் கல்பெப்பர் என்ற இரண்டு ஊர்களில் மாறி மாறி அது நடக்கிறது. பல நாடுகளிலிருந்து தேர்ந்த நம்பிக்கையாளர்கள் இடத்துக்கு ஏழு பேர். குறைந்தது மூவராவது நேரில் வந்தால்தான் சாவி வேலை செய்யும். ஒவ்வொரு அடியும் முன்கூட்டியே எழுதிய வரிசைப்படி நடக்கிறது. பெட்டகம் திறக்கும்போது மணி சொல்லிக் குறிக்கிறார்கள், கிழிந்தால் தெரியும் பையின் எண்ணை உரக்க வாசிக்கிறார்கள், சாட்சிகள் ஒவ்வொரு வரியிலும் சுருக்கொப்பமிடுகிறார்கள், முழுவதும் நேரலையில் போகிறது. 2020 பிப்ரவரியில் பெட்டகத்தின் பூட்டு மக்கர் செய்து சடங்கைத் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று, துளைபோட்டுத் திறந்தார்கள். சாவியைக் காப்பது இந்தச் சடங்கின் பாதி வேலைதான். பலர் கண்முன் நடந்தது என்ற நினைவை உண்டாக்குவது மறுபாதி. திருமலையில் விடியற்காலை நடை திறப்பதற்கும் ஆளும் முறையும் குறித்துவைத்திருக்கிறார்கள். சன்னிதி கொல்லா எனப்படும் யாதவ மரபினரின் பங்கு அதில் இன்றும் தொடர்கிறது. பூட்டைத் திறப்பது மட்டும் நோக்கம் என்றால் யாரிடமாவது சாவியைக் கொடுத்தால் போதுமே.

ஏணி என்ற அமைப்பும் இங்கே புதிதல்ல. வைணவ மரபில் சீடர் தம் ஆசாரியரை முதலில் நினைத்து, அவர் ஆசாரியரை அடுத்து நினைத்து, நம்மாழ்வார், விஷ்வக்சேனர், திருமகள் வழியாக நாராயணனில் போய் நிற்கிறார். இந்த வரிசையில் ஒரு சிக்கல் நேர்ந்தது. வரிசையில் முந்திய ஆசாரியரான ஆளவந்தாரிடம் இராமானுசர் நேரே பாடம் கேட்கவில்லை. இராமானுசர் காஞ்சியிலிருந்து திருவரங்கம் வந்து சேர்வதற்குள் ஆளவந்தார் திருநாடு எய்திவிட்டார். ஆளவந்தாரின் சீடர்கள் ஐவர் தாங்கள் பெற்றதை இராமானுசருக்குத் தனித்தனியே கொடுத்தார்கள். அவர்களில் ஒருவர் திருமலை நம்பி. அவரிடம் திருப்பதி அடிவாரத்தில் ஓராண்டு இராமாயணப் பொருள் கேட்டார் என்பது குருபரம்பரை சொல்லும் செய்தி. சான்றிதழ் உலகில் குறுக்குக் கையொப்பம் என்ற ஏற்பாடு இதே வேலையைச் செய்கிறது. ஒரே சாவிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மேலோர் சான்றளிக்கிறார்கள். ஒரு வழி அறுந்தாலும் மற்றொரு வழியாக வேரை எட்டலாம். திருக்கோட்டியூர்க் கோபுரத்தில் ஏறி இராமானுசர் மந்திரத்தை எல்லோருக்கும் சொன்ன கதையைப் பொதுச்சாவிக்கு ஒப்பிடத் தோன்றும். அது பொருந்தாது. அவர் வெளியிட்டதோடு ரகசியம் தீர்ந்தது. பொதுச்சாவியை வெளியிடுபவரின் கையில் தனிச்சாவி என்ற ரகசியம் அப்படியே இருக்கிறது.

ஏணியே வேண்டாம் என்ற குரலும் இந்தப் பக்கத்திலிருந்தே எழுந்தது. நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தில் இருந்த மதனப்பள்ளியில் 1895-இல் பிறந்தவர் ஜிட்டு கிருஷ்ணமூர்த்தி. அவரை உலக ஆசானாக ஏற்பதற்கென்றே அமைந்த விண்மீன் சங்கத்தை 1929 ஆகஸ்டு 3-ஆம் தேதி நெதர்லாந்தின் ஓமனில் அவரே கலைத்தார். வேரே தன் கையொப்பத்தைத் திரும்பப் பெற்ற அபூர்வச் சம்பவம் அது. எந்த ஆசானின் சான்றும் இன்றி நீயே பார் என்பது மனிதருக்குப் பொருந்தலாம். கருவிகளில் அதற்கு நிகரான முறை, முதன்முதலில் கண்ட சாவியை நினைவில் வைத்துக்கொண்டு, பிறகு அது மாறினால் மட்டும் எச்சரிப்பது. முதல் சந்திப்பிலேயே ஏமாந்தால் அந்த முறைக்கு மீட்சி இல்லை. தானே பார்க்கும் கண் கருவிக்குக் கிடையாது என்பதால் ஏணியைத் தூக்கி எறிய வழியில்லை.

ஏணி எதை நிரூபிக்கிறது என்பதில்தான் அதிகமான குழப்பம் இருக்கிறது. சித்தூரிலிருந்து சுமார் 11 கிலோமீட்டரில், பாஹுதா நதிக்கரையில், காணிப்பாக்கம் வரசித்தி விநாயகர் கோயில். கடன், களவு, பங்கு நிலம் என்று தீராத வழக்கு உள்ளவர்கள் குளத்தில் முழுகி விநாயகர் முன் நின்று சத்தியம் செய்வார்கள். குடியை விடுகிறேன் என்று சத்தியம் செய்ய வருபவர்களும் உண்டு. தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வருவார்கள். காணிப்பாக்கம் வந்து சத்தியம் செய்யத் தயாரா என்று ஒருவரையொருவர் சவால் விடுவது ஆந்திர அரசியலில் பழகிய காட்சி. அங்கே நிற்பவர் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. வழக்கின் எதிராளி பக்கத்திலேயே நிற்கிறார். சந்தேகம் முழுவதும் அவர் சொல்வது மெய்யா என்பதில். பொய் சொன்னால் தெய்வம் விடாது என்ற அச்சம் அந்தச் சொல்லுக்குப் பிணை.

கருவியில் இது தலைகீழ். கையொப்பம், இன்ன கருவி இதைச் சொன்னது, சொன்னபடியே வந்து சேர்ந்தது என்பதை ஐயமற நிலைநாட்டுகிறது. சொன்னது மெய்யா என்பதைப் பற்றி அது ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. மண்ணின் ஈரத்தை அளக்கும் சென்சார் வெயிலில் கெட்டுப்போய்த் தவறான எண்ணைக் காட்டினால், அந்தத் தவறான எண்ணும் குறைவற்ற கையொப்பத்தோடு வந்து சேரும். நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர் ஆப்தருக்குச் சொல்லும் இலக்கணம் இங்கே கைகொடுக்கிறது. பொருளை நேரே அறிந்தவராகவும், அறிந்தபடி சொல்ல விரும்புபவராகவும் இருப்பவர் ஆப்தர். ரிஷியோ ஆரியரோ மிலேச்சரோ, யாராக இருந்தாலும் இலக்கணம் ஒன்றே என்று அவர் சேர்த்துச் சொல்கிறார். அந்த இரண்டு நிபந்தனைகளில் மறையியல் ஒன்றையும் தொடுவதில்லை. நேரே அறிவது சென்சாரின் தரம். சொல்ல விரும்புவது மனம் உள்ளவரின் குணம். மென்பொருளுக்கு விருப்பமும் இல்லை, விநாயகரிடம் பயமும் இல்லை. முதல் நிபந்தனைக்கு நியாய சூத்திரத்தின் தராசுச் சோதனையே மருந்து, அவ்வப்போது அளவு தெரிந்த ஒன்றை வைத்துச் சரிபார்ப்பது. இரண்டாவதற்குக் கருவிக்குள் மருந்து இல்லை. அது செய்தவரிடமும் விற்றவரிடமும் போய் நிற்கிறது.

அந்தப் பொறுப்பு எவ்வளவு லேசாகக் கைவிடப்படும் என்பதை 2016-இல் மிராய் என்ற தீநிரல் காட்டியது. ஆலையிலேயே எல்லாக் கருவிக்கும் ஒரே கடவுச்சொல் வைத்து விற்ற கேமராக்களையும் ரூட்டர்களையும், அறுபது சொச்சம் பெயர்-கடவுச்சொல் ஜோடிகள் கொண்ட ஒரு பட்டியலை வைத்தே அது உலகெங்கும் கைப்பற்றியது. எந்தக் கணிதத்தையும் உடைக்கத் தேவை இருக்கவில்லை. இந்திய அரசு, சிசிடிவி கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனைகளை 2024 ஏப்ரலில் அறிவித்து 2025 ஏப்ரல் முதல் கட்டாயமாக்கியது. இது பரதப் பிராமாண்யத்தின் பக்கம் அரசு எடுத்துவைத்த அடி.

காணிப்பாக்கத்து நதியின் பெயருக்குச் சொல்லப்படும் கதை மகாபாரதத்தின் சாந்தி பர்வத்தில் உள்ளது. அண்ணனின் ஆசிரமத்தில் கேளாமல் கனி தின்ற லிகிதர், அண்ணன் சொற்படி அரசனிடம் தாமே போய்த் தண்டனை கேட்கிறார், கைகள் வெட்டப்படுகின்றன, பாஹுதாவில் முழுகியதும் கைகள் திரும்புகின்றன. சான்றிதழ் உலகில் இந்தக் கருணை இல்லை. களவுபோனதற்காக ரத்தான சாவி திரும்ப வராது. அதே கருவிக்குப் புதுச் சாவி பிறந்து புதுச் சான்று எழுதியாக வேண்டும். காலாவதியும் உண்டு. பல கோடி இணையதளங்களுக்குப் பின்னால் நின்ற டி.எஸ்.டி. ரூட் சி.ஏ. எக்ஸ்3 என்ற வேரின் ஆயுள் 2021 செப்டம்பர் 30-ஆம் தேதி முடிந்தது. புது வேரை அறியாத பழைய கருவிகள் பல அன்று முதல் நல்ல தளங்களையும் போலி என்று தள்ளின. ஆண்ட்ராய்டின் பழைய பதிப்புகள் தப்பியது ஒரு குறுக்குக் கையொப்பத்தால். பல ஆண்டுகள் தோப்பில் கிடக்கப்போகும் கருவிக்கு இது சின்ன விஷயம் அல்ல. பழைய வேர் நம்பிக்கைக்கு உரியதாக இருக்கும்போதே புது வேருக்குச் சாட்சி சொல்லி ஒப்படைக்க வேண்டும்; குவாண்டம் தாங்கும் முறைகளுக்கு மாறும்போதும் இதே வரிசைதான்.

மனிதரின் சத்தியத்தையும் கருவியின் கையொப்பத்தையும் சட்டம் எப்படிக் கையாண்டது என்பது மிச்சம். 1873-ஆம் ஆண்டின் இந்திய உறுதிமொழிச் சட்டம் வழக்காடுபவருக்கு ஒரு வாய்ப்புத் தந்தது. எதிராளி இன்ன முறையில் சத்தியம் செய்தால் கட்டுப்படுகிறேன் என்று அவர் சொல்லி, எதிராளியும் அப்படியே செய்துவிட்டால், அந்தச் சாட்சியம், கட்டுப்படுவதாகச் சொன்னவருக்கு எதிராக முடிந்த முடிவு. அந்தச் சத்தியம், அதைச் செய்பவரின் சமூகத்தில் கட்டுப்படுத்துவதாக இருக்க வேண்டும். மூன்றாம் ஆளைப் பாதிப்பதாக இருக்கக் கூடாது. பிள்ளை தலையில் அடித்துச் செய்யும் சத்தியத்துக்கு இடமில்லாமற் போனது இதனால்தான். சட்ட ஆணையம் தன் 28-ஆம் அறிக்கையில் இந்தச் சட்டத்தை ஆராய்ந்தது. 1969-ஆம் ஆண்டின் உறுதிமொழிச் சட்டத்தில் அந்த வாய்ப்பு இடம்பெறவில்லை. நீதிமன்றம் தெய்வப்பிணையை விட்டு, குறுக்கு விசாரணையை நம்பத் தொடங்கியது.

கருவியைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதிநியமம் 63-ஆம் பிரிவில் இதற்கு ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறது. மின்னணுப் பதிவைச் சாட்சியமாகக் கொடுக்கும்போது அதோடு ஒரு சான்றும் இணைய வேண்டும். அதன் படிவத்துக்கு இரண்டு பகுதிகள், முதல் பகுதியைப் பதிவைக் கொடுப்பவரும் இரண்டாவதை நிபுணரும் நிரப்ப வேண்டும். எந்தக் கருவி, என்ன மாதிரி, என்ன வரிசை எண் என்று எழுதி, பதிவை அரைத்துக் கிடைக்கும் சுருக்கமான ஹேஷ் மதிப்பையும், எந்த முறையில் அது கணக்கிடப்பட்டது என்பதையும் குறிக்க வேண்டும். பதிவு மாறவில்லை என்பதற்கு அந்த எண்வரிசை சாட்சி. கருவி ஒழுங்காக ஓடியது என்பதற்கும், அது யார் பொறுப்பில் இருந்தது என்பதற்கும், மனசாட்சிப்படி உறுதி கூறிக் கீழே கையெழுத்துப் போடும் மனிதர் சாட்சி.